135 மீட்டர் நீள ஆற்றுக் கப்பலில் போனவர்கள் வாருங்கள்

மயிலாப்பூர் மைதிலி:
புடாபெஸ்டிலிருந்து ஆம்ஸ்டர்டாம், 15 நாள். அம்மாவுக்காகவே பால்கனி அறை, அந்த விலை கொடுத்து. ஜெர்மனியின் பாஸாவ் ஊரில் காலையில் திரையை இழுத்தால் டான்யூப் ஆற்றைக் காணோம்! ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு கப்பலை எங்களோடு ஒட்டிக் கட்டிவிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பனியன் போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, வாயில் பல் தேய்க்கும் பிரஷ். அம்மா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே கும்பிட்டார். அவரும் பிரஷ்ஷோடு கும்பிட்டார்! வரவேற்பில் கேட்டால், "ஆற்றில் அப்படித்தான் கட்டுவோம்" என்றார்கள். முன்பதிவின்போது சொல்லியிருக்கலாம் இல்லையா?

திருச்சி சுந்தரி:
உங்களுக்காவது கப்பல் ஓடியது. நாங்கள் போனது 2018 அக்டோபர், ரைன் ஆறு வறண்ட வருடம். கரையிலுள்ள காவுப் என்ற ஊரின் நீர்மட்ட அளவுகோலில் 25 செ.மீ. தண்ணீர். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் வரை வந்த எங்களைப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி, மறுபக்கம் நின்ற அதே வகைக் கப்பலுக்கு மாற்றினார்கள். அதே அறை எண், அதே படுக்கை விரிப்பு, அதே படம். என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைப் பழைய கப்பலின் இழுப்பறையில் விட்டுவிட்டார். ஞாபகமே இல்லாமல் இங்கே இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடி! வேறு யாருடையதோ. போட்டுப் பார்த்தார், பவர்கூட ஏறக்குறைய சரி. கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள், ஆனால் அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடலூர் கண்ணன்:
சுந்தரி அக்கா, 25 செ.மீ. என்பது ஆற்றின் ஆழம் இல்லை. அது அளவுகோலின் எண். காவுபில் அதோடு 112-ஐக் கூட்டினால்தான் கப்பல் போகும் தடத்தின் ஆழம், அதாவது 1.37 மீட்டர். இந்தக் கப்பல்களுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும், அதனால்தான் நிறுத்தினார்கள். தினமும் இதே தப்பைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. மைதிலி அக்கா, பால்கனிக்குக் காசு கொடுத்ததே வீண். அடித்தளத்து அறை எடுங்கள், மலிவு, தூங்கத்தானே போகிறோம்? பின்பக்கம் வேண்டாம், இன்ஜின் சத்தம். ஏப்ரலில் வெள்ளம் வந்தால் பாலத்துக்கு அடியில் போக முடியாது, அக்டோபரில் தண்ணீர் குறைந்துபோகலாம், மே மாதம் பாருங்கள். பருப்புப் பொடியும் நெய்யும் கட்டாயம். என் கதையா? மைன்–டான்யூப் கால்வாயில் ஒரு தாழ்ந்த பாலம். மேல்தளக் கம்பிகளை மடக்கினார்கள், கப்பல் ஓட்டும் அறையே லிப்ட் மாதிரி கீழே இறங்கியது, கூரைத் துளையில் கேப்டனின் தலை மட்டும். அவ்வளவுதான்.

நெல்லை தாமு:
எனக்கு அதே கால்வாயின் ஹில்போல்ட்ஸ்டைன் மதகு, அதாவது கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை நிரப்பி மேலே தூக்கும் தொட்டி. கிட்டத்தட்ட 25 மீட்டர் ஏற்றம், 12 மீட்டர் அகலம். கப்பலின் அகலம் 11.4. பக்கத்துக்கு ஒரு அடிதான் இடைவெளி. ராத்திரி 2 மணிக்கு டங்கென்று சுவரில் இடித்தது. விளக்கைப் போட்டால் ஜன்னல் முழுக்க ஈரக் கான்கிரீட், பாசி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கிணற்றுக்குள் இறங்குகிறோம் என்றே நினைத்தேன். ஏறுகிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுப்பினால் மனைவி, "விளக்கை அணைங்க" என்றாள்.

மயிலாப்பூர் மைதிலி:
கண்ணன், பொடி பற்றி யாரும் கேட்கவில்லையே! அப்புறம் பால்கனி வீண் என்று என் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அந்தத் தாத்தாவுக்கு அடுத்த நாளும் வணக்கம் சொல்லலாம் என்று சீக்கிரமே எழுந்து காத்திருந்தார். வெறும் ஆறுதான் தெரிந்தது.