கயிறு இறுக்கமா, தளர்வா: நிலாவின் புது டிராப்-அவே ரெஸ்ட்

நிலா: மாமா, அம்பைத் தாங்குகிற புது டிராப்-அவே ரெஸ்ட்டை என் காம்பவுண்ட் வில்லில் பூட்டிவிட்டேன். காகிதம் கட்டிய சட்டத்தின் ஊடாக எய்து பார்த்தால் அம்பின் வால் மேலே போய்க் கிழிக்கிறது. ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், அதே கிழிசல். இன்னும் ஏற்றினேன், அப்போதும் அதேதான்.

நிலா: [படம்]

செல்வம் மாமா: இனிமேல் ஏற்றாதே, நிறுத்து. வால் மேலே கிழித்தால் ரெஸ்ட்டை ஏற்று, இல்லையென்றால் நாக் இடத்தை (நாணில் அம்பு மாட்டும் இடம்) இறக்கு என்பது சரிதான். ஆனால் ஏற்றியும் கிழிசல் அசையவில்லை என்றால் உயரத்தில் கோளாறு இல்லை. அம்பின் வேன், அதாவது வால்பக்கத்து இறகு, எங்கேயோ தட்டுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் வேறு இரண்டு அளவுகளும் கெட்டுப்போகும்.

செல்வம் மாமா: உன் ரெஸ்ட் கேபிளில் (வில் முனைச் சக்கரங்களை இணைக்கும் இழைக்கட்டு) இயங்குவதா, லிம்பில் (வில்லின் வளையும் பகுதி) இயங்குவதா?

நிலா: கேபிள். ரெஸ்ட்டிலிருந்து கயிறு கீழே போகிறது. நாணை இழுக்கும்போது கீழே இறங்குகிற கேபிளில் கிளாம்ப் வைத்துப் பிடித்திருக்கிறேன்.

பாட்டி: அம்பைத் தாங்குகிற கை விழுந்துவிட்டால் அம்பும் விழுந்துவிடாதா கண்ணு?

செல்வம் மாமா: விழாது அம்மா. நாண் விடுபட்டதும் அம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அதை நாண் தள்ளி முடிக்க நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். பின்பக்கம் நாணே பிடித்திருக்கிறது. அதற்குள் அம்பு எவ்வளவு இறங்கிவிடப் போகிறது?

செல்வம் மாமா: ஆனால் அம்பின் வால்பக்கம் மூன்று வேன் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். தண்டு மெல்லியது, வேன் அகலம். தண்டைத் தாங்கிய கை அங்கேயே நின்றுகொண்டிருந்தால் கடைசியில் வருகிற வேன் அதில் மோதும். வால் உதறிக்கொண்டு போகும். அதனால் தாங்க வேண்டிய வரை தாங்கிவிட்டு, வேன் வருவதற்குள் அந்தக் கை கீழே படுத்துவிட வேண்டும். டிராப்-அவே என்பது இவ்வளவுதான்.

பாட்டி: வழியனுப்பி வைத்துவிட்டு வாசலை விட்டு ஒதுங்கி நிற்பது மாதிரி.

செல்வம் மாமா: ஆமாம் அம்மா, அதேதான்.

அருண்: நான் ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுக்கட்டுமா? எப்போது விழுகிறது என்று தெரிந்துவிடுமே.

செல்வம் மாமா: தெரியாது அருண். நொடிக்கு 240 படம் எடுத்தாலும், அம்பு நாணில் இருக்கும் நேரத்துக்கு மூன்று நான்கு படம்தான் கிடைக்கும். வேன் தட்டுகிற கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் போய்விடும். இதற்குப் பவுடர்தான் நம்பகமானது. பாதத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே இருந்தால் வேன், ரெஸ்ட்டின் கை, ரைசரின் (வில்லின் நடுப்பகுதி) தட்டு மூன்றிலும் மெல்லிசாக அடியுங்கள். கிட்டத்தில் இலக்கை வைத்து ஒரு அம்பு எய்துவிட்டுப் பாருங்கள். தட்டின இடத்தில் பவுடர் வழித்திருக்கும்.

நிலா: சரி மாமா, இருங்கள்.

நிலா: [படம்]

நிலா: கீழ்ப்பக்கத்து வேன் இரண்டிலும் கோடு விழுந்திருக்கிறது. ரெஸ்ட்டின் கை நுனியிலும் பவுடர் இல்லை.

செல்வம் மாமா: அப்படியென்றால் கை விழத் தாமதமாகிறது. இல்லாவிட்டால் விழுந்து, தட்டில் மோதித் துள்ளி மறுபடி மேலே வருகிறது. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான். முதலில் எழும் நேரத்தைப் பார்ப்போம். நீ மெதுவாக நாணை இழு. அருண் பக்கத்தில் நின்று ரெஸ்ட்டை மட்டும் பார்க்கட்டும்.

அம்மா: அண்ணா, அம்பு வைக்காமல் இழுக்கச் சொல்லாதீர்கள். அவள் கை தவறி விட்டுவிட்டால்?

செல்வம் மாமா: சொல்ல மாட்டேன். நிலா, அம்மா சொல்வதைக் கேட்டுக்கொள். அம்பு இல்லாமல் நாண் விடுபட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும். லிம்ப் பிளக்கும், கேபிள் கேம் என்ற முனைச் சக்கரத்தை விட்டுத் தெறிக்கும், உனக்கும் அடிபடும். அம்பை நாணில் மாட்டி, இலக்கைப் பார்த்து நின்று, ரிலீஸின் (நாணைப் பிடித்து விடும் கருவி) விசையில் விரலே வைக்காமல் இழு. அருண், நீ அக்காவுக்குப் பக்கவாட்டில், வில்லுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முன்னால் ஓர் அடிகூடப் போகக் கூடாது.

அருண்: சரி மாமா.

அருண்: பார்த்துவிட்டேன். அக்கா பாதிதான் இழுத்திருந்தாள், அதற்குள் கை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. மீதி இழுக்கும்போது கயிறு விறைப்பாக இருந்தது.

செல்வம் மாமா: கிடைத்துவிட்டது. கயிறு இறுக்கம்.

செல்வம் மாமா: இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள் நிலா. உன் ரெஸ்ட்டை எழுப்புவது கேபிள், விழ விடுவதும் அதே கேபிள். எழுந்த வழியில்தான் அது திரும்பி வரும். பாதி இழுப்பிலேயே கை முழுக்க எழுந்தால், அம்பு போகும்போதும் பாதி வழி தாண்டிய பிறகுதான் கை இறங்கத் தொடங்கும். அதற்குள் வேன் வந்துவிடுகிறது. இழுப்பு முடிய ஒன்றிரண்டு அங்குலம் இருக்கும்போது கை தன் உச்சிக்கு வந்து சேர வேண்டும். அதுதான் நீ பிடிக்க வேண்டிய இடம்.

நிலா: அப்படியென்றால் நிறையத் தளர்த்திவிட்டால் இன்னும் சீக்கிரம் விழுமே? நல்லதுதானே?

செல்வம் மாமா: இல்லை. அளவுக்கு மேல் தளர்ந்தால் முழு இழுப்பிலும் கை உச்சியைத் தொடாது. அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உயரத்தில் உட்காரும். தாங்கவேண்டிய தூரம் முழுக்கத் தாங்காமல் கை கீழே போய்விடும். இறுக்கமாக இருந்தாலும் வேன் தட்டுவதோடு முடியாது. கயிறு கேபிளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும், கேம்களின் நேரமும் மாறும். அதனால் அந்தக் கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தை விட்டு நகராதே.

நிலா: கிளாம்ப்பை நகர்த்த, வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரெஸ் வேண்டுமா?

செல்வம் மாமா: வேண்டாம். அலென் சாவியால் கிளாம்ப் திருகைத் தளர்த்தி, அதன் வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடு. முடுக்கு, இழு, அருண் பார்க்கட்டும். மறுபடி கொஞ்சம். ஒரே தடவையில் நிறைய விடாதே. எல்லாம் சரியான பிறகு கயிற்றைக் கேபிளின் இழைகளுக்கு நடுவில் செருகி நூல் சுற்றிக் கட்டுவது நல்லது, வழுக்காது. அதற்குத்தான் பிரெஸ். இழைகளை வெறும் கையால் பிரிக்க முயலாதே, பிரெஸ் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்.

செல்வம் மாமா: இன்னொன்று. கயிறு கட்டுவதற்கு முன் மற்ற அளவுகள் எல்லாம் பார்த்தாயா? பெர்கர் துளைக்கு (ரைசரில் ரெஸ்ட்டைப் பூட்டும் துளை) நேராக அம்பு போகிறதா, நாணுக்கு 90 டிகிரியில் இருக்கிறதா, ரைசரிலிருந்து எவ்வளவு தள்ளி?

நிலா: பார்த்தேன் மாமா. தண்டு பெர்கர் துளையின் நடுவில்தான் இருந்தது. ரைசரிலிருந்து தண்டின் மையம் 13/16 அங்குலம், வில்லோடு வந்த கையேட்டில் போட்டிருந்த அளவு. அதற்குப் பிறகுதான் கயிறு கட்டினேன். இப்போது ரெஸ்ட்டை ஏற்றியதால் உயரம் மாறியிருக்கும்.

செல்வம் மாமா: முதலில் உயரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டு வா. உயரம் மாறினால் கயிற்றின் நீளமும் மாறும், அதனால்தான் கயிறு எப்போதும் கடைசி வேலை. முன்பே கயிற்றைச் சரிசெய்துவிட்டு அப்புறம் ரெஸ்ட்டை நகர்த்தினால் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அம்மா: சாப்பிட்டுவிட்டுச் செய்யக் கூடாதா?

நிலா: ஒரு பத்து நிமிஷம் அம்மா.

அருண்: மாமா, கயிறு விட்டாகிவிட்டது. இப்போது அக்கா முழு இழுப்புக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கை நிமிர்கிறது. முழு இழுப்பில் பார்த்தால் அசையாமல் உச்சியில் நிற்கிறது.

நிலா: பவுடர் அடித்து எய்தேன். [படம்] வேனில் ஒரு கோடும் இல்லை!

செல்வம் மாமா: அருமை. துள்ளலும் இல்லை என்று அர்த்தம். இருந்திருந்தால் பவுடர் காட்டிக்கொடுத்திருக்கும். ரைசரின் தட்டில் மெத்தென்ற ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறாயா?

நிலா: ஒட்டியிருக்கிறேன். கை விழும் சத்தமும் குறைந்திருக்கிறது.

செல்வம் மாமா: சரி, இப்போது காகிதம். சட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று எய். ஒரே அம்பை நம்பாதே, இரண்டு மூன்று அம்பில் ஒரே மாதிரி கிழிசல் வருகிறதா என்று பார்.

நிலா: [படம்] வால் இன்னும் கொஞ்சம் மேலேதான். ஆனால் முன்பு நீளமாகக் கிழிந்தது, இப்போது சின்னதாக. மூன்று அம்பும் ஒரே மாதிரி.

செல்வம் மாமா: இதை நம்பலாம். தட்டல் போய்விட்டது, இனித் திருகு பேசும். ரெஸ்ட்டைத் துளியளவு ஏற்று. ஏற்றினால் மாறுகிறதா என்று பார், மாறும்.

நிலா: மாறிவிட்டது மாமா!! தண்டுக்கு ஓர் ஓட்டை, சுற்றி மூன்று வேன் வெட்டு. வேறு கிழிசலே இல்லை.

பாட்டி: நல்லா இரு தாயி.

செல்வம் மாமா: இந்தத் துளியளவுக்குக் கயிறு பெரிதாக மாறியிருக்காது, ஆனாலும் அருணை ஒரு முறை பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடு. அப்புறம் கிளாம்ப் இருக்கும் இடத்தில் கேபிளின் மேல் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு, கயிறு கிளாம்ப்பை விட்டு வெளியே வரும் இடத்தில் இன்னொரு கோடு. புது நாணும் கேபிளும் என்றால் தொடக்கத்தில் கொஞ்சம் நீளும். பயிற்சிக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுகளைப் பார். நகர்ந்திருந்தால் எய்யாதே, முதலில் கயிறு.

நிலா: லிம்பில் இயங்குவதாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதா மாமா?

செல்வம் மாமா: அதில் வேலை தலைகீழ். ஸ்பிரிங் கையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும் வில்லில் லிம்பிலிருந்து வரும் கயிறுதான் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். நீ இழுக்க இழுக்க லிம்ப் வளைந்து கயிறு தளரும், கை எழும். கட்டுவது சுலபம், கேபிளைத் தொடவே வேண்டாம். அம்பையும் இன்னும் அதிக தூரம் தாங்கும். ஆனால் அதற்கும் கயிற்றின் நீளம் சரியாக இருக்க வேண்டும், பவுடர் பரிசோதனையும் வேண்டும். உன்னுடையது நல்ல ரெஸ்ட்தான், வைத்துக்கொள்.

நிலா: சரி மாமா. குறிபார்க்கும் சைட்டை எப்போது சரிசெய்வது? எல்லாம் கொஞ்சம் தள்ளி விழுகிறது.

செல்வம் மாமா: விழத்தான் செய்யும், ரெஸ்ட் மாறியிருக்கிறதே. இன்றைக்கு சைட்டைத் தொடாதே, கை சோர்ந்திருக்கும். நாளை 20 மீட்டரில் தொடங்கு, குழுவாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தூரத்துக்குப் போகலாம். எண்களை இங்கே அனுப்பு.

நிலா: அனுப்புகிறேன். அருண், வெள்ளைப் பேனா எங்கேடா?

அருண்: உன் பையிலேயே இருக்கிறது, வெளிப்பக்க ஜிப்பில்.