முதல் செமி ஆட்டோ ரைஃபிள்: ரூகர் 10/22 போதுமா, நல்ல ஏஆர்-15 வேண்டுமா?

பிளேனோ முத்து:
டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தபிறகு ஆபீஸ் நண்பரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன், பிடித்துப் போய்விட்டது. சொந்தமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, அடுத்தது தானே ஏறும்) வாங்க நினைக்கிறேன். வேட்டை கிடையாது, வீட்டுப் பாதுகாப்புக்கும் இல்லை. சனிக்கிழமை காலையில் காகித இலக்கைச் சுட வேண்டும், அவ்வளவுதான். 14 வயது மகளும் கூட வருவாள். ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து 900 டாலருக்குள் முடிய வேண்டும். கடைக்காரர் .22 என்ற சின்னத் தோட்டா சுடும் ரூகர் 10/22 என்கிறார். பக்கத்தில் நின்றவர் அது விளையாட்டுச் சாமான், நல்ல கம்பெனி ஏஆர்-15 வாங்கு என்கிறார். எந்த பிராண்டை நம்பலாம்?

தோட்டாக்கணக்கு:
கடைக்காரர் சொன்னதுதான் சரி. ரூகர் 10/22 1964-இல் வந்தது, இன்றும் நிற்காமல் விற்கிறது. எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள். காரணம் அதன் மேகசின், அதாவது தோட்டாக்களை அடைத்து மாட்டும் பெட்டி. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளப் பார்க்கும். 10/22-இல் உள்ளே ஒரு சுழலும் உருளை இருக்கிறது. பத்துத் தோட்டாவும் தனித்தனிப் பள்ளத்தில் உட்காரும், ஒன்றை ஒன்று இடிக்காது. மேகசின் முழுதும் ரைஃபிளைத் தோளில் தாங்கும் கட்டைக்குள் அடங்கிவிடுவதால் படுத்துச் சுடும்போது தரையில் முட்டாது.

அப்புறம் காசு. .22 தோட்டா ஒன்று ஏழெட்டு சென்ட். ஏஆர் தின்னும் .223 ஒன்று நாற்பது ஐம்பது சென்ட். மகளோடு போய் 300 தோட்டா சுட்டால் முதலில் சொன்னதற்கு 25 டாலர் கூட ஆகாது. இரண்டாவதற்கு 120-க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டான்:
கணக்கெல்லாம் சரி. ஆனால் முத்து கேட்டது தரமான பிராண்டு. 10/22 பெட்டியிலிருந்து எடுத்தபடியே நல்ல ரைஃபிள் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ட்ரிகரை இழுக்க ஐந்து ஆறு பவுண்டு விசை வேண்டும். கடைசித் தோட்டா போனபிறகு போல்ட் (குழலின் பின்வாயை மூடும் துண்டு) திறந்து நிற்காது, காலியானது தெரியாமல் ‘டக்’ என்று வெறும் சத்தம்தான் வரும். குழலை இரண்டு திருகும் ஒரு வி வடிவத் துண்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் வாங்கியவர்கள் ட்ரிகரை மாற்றி, குழலை மாற்றி, கட்டையை மாற்றி, கடைசியில் ரூகர் என்று எழுதிய நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அந்தப் பணத்துக்கு ஒழுங்கான ஏஆர் வந்துவிடும்.

ஏஆரில் பிராண்டு என்பது வெறும் பெயர் இல்லை. போல்ட்டைச் சுமக்கும் கேரியரின் தலையில் கேஸ் கீ என்று, வாயு நுழையும் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். நல்ல கம்பெனி அந்தத் திருகுகளின் ஓரத்தில் உளி வைத்து அடித்து, பக்கத்து உலோகத்தைத் திருகுத் தலைக்குள் தள்ளியிருப்பான். சும்மா பேருக்குப் புள்ளி வைத்தவனுடையது நாளாவட்டத்தில் தளரும். வாயு கசியும், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாது, அடுத்த தோட்டா ஏறாது. கடையில் கேரியரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை. டேனியல் டிஃபென்ஸ், பிசிஎம், கோல்ட் மாதிரிக் கம்பெனிகள் விலை அதிகம் என்பார்கள். போல்ட்டை அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து, பிறகு காந்தத்துகள் வைத்து விரிசல் தேடுகிறார்கள். அந்த வேலைக்குத்தான் காசு.

தோட்டாக்கணக்கு:
டேனியல் டிஃபென்ஸ் 900 டாலருக்குக் கிடைக்கும் கடை இருந்தால் முகவரி கொடுங்கள், நானே போய் இரண்டு வாங்கிக்கொள்கிறேன். அதன் பிரபலமான மாடல்கள் 2,000 டாலரை ஒட்டி நிற்கின்றன.

நியூஜெர்சி நாணா:
பிராண்டுக்கு முன்னால் ஒரு விஷயம், முத்துவுக்கு இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ‘வாங்கத்தானே கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமே’ என்று நினைக்காதீர்கள், அதுவும் கையில் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு இருந்தால் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம்.

டெக்சாஸில் மேகசின் அளவுக்கு வரம்பு இல்லை. எங்கள் ஊரில் பத்துத் தோட்டாதான். கலிஃபோர்னியாவிலும் பத்துதான். வேலை மாறி ஊர் மாறுகிற கூட்டம் நாம். 30 தோட்டா மேகசினோடு ஏஆர் வாங்கிவிட்டு இங்கே வந்தால் தலைவலி. 10/22-உம் அதன் பத்துத் தோட்டா மேகசினும் கிட்டத்தட்ட எங்கேயும் பிரச்சினை இல்லாமல் வரும். அப்போதும் இங்கே துப்பாக்கிக்கான அடையாள அட்டை எடுக்க வேண்டும், அது வேறு கதை.

ஹூஸ்டன் மைதிலி:
இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நடுவில் ஒன்று இருக்கிறதே. ஸ்மித் அண்ட் வெஸன் 2009-இல் கொண்டுவந்த எம் அண்ட் பி 15-22. பார்க்க, பிடிக்க, இயக்க ஏஆர் மாதிரி. சுடுவது .22. கரிசல் சொன்ன குறை இதில் இல்லை, கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் திறந்து நிற்கும். எடை ஐந்து பவுண்டு அளவுதான். கட்டையை நீட்டிக் குறுக்கலாம், அதனால் அப்பா சுட்டதும் பெண் வாங்கித் தன் கைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். 14 வயதுப் பிள்ளைக்கு இதுதான் முதல் விஷயம். கட்டை நீளமாக இருந்தால் அவள் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சுடுவாள், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரிய பாடு.

கரிசல்காட்டான்:
பிளாஸ்டிக் ரைஃபிள் மேடம் அது.

ஹூஸ்டன் மைதிலி:
போல்ட்டும் ட்ரிகரும் உட்காரும் மேலுறையும் கீழுறையும் பாலிமர். குழலும் போல்ட்டும் எஃகு. .22 தோட்டாவின் விசைக்கு அது போதும். உங்கள் ஏஆரின் உறையும் எஃகு இல்லையே, அலுமினியம்தானே?

நெல்லைச்சீமை:
பழைய மார்லின் 60-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? 1960-இல் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்ற துப்பாக்கி. குறி தப்பாது. அடகுக்கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

தோட்டாக்கணக்கு:
நல்ல ரைஃபிள்தான், மறுப்பில்லை. ஆனால் மார்லின் கம்பெனி ரெமிங்டன் கைக்குப் போய், ரெமிங்டன் 2020-இல் திவாலாகி, மார்லினை ரூகரே வாங்கிவிட்டது. ரூகர் லீவர் ரைஃபிள்களைத்தான் (கைப்பிடியைக் கீழே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். தன் 10/22-க்கு எதிராக 60-ஐ எதற்குக் கொண்டுவருவார்கள்? தவிர அதற்குக் கழற்றி மாட்டும் மேகசின் இல்லை. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒவ்வொன்றாக நழுவவிட வேண்டும். முத்து ஆப்பிள்சீட் பயிற்சிக்குப் போனால், அங்கே நடுவில் மேகசின் மாற்றும்போது திண்டாட்டம்.

பிளேனோ முத்து:
ஆப்பிள்சீட் என்றால்?

தோட்டாக்கணக்கு:
வார இறுதிப் பயிற்சி, பல ஊர்களில் நடக்கிறது. 25 மீட்டரில் சின்னச் சின்ன இலக்குகள். தூரம் கூடக்கூட இலக்கு கண்ணுக்கு எவ்வளவு சிறிதாகுமோ, அந்த அளவுக்குக் குறுக்கி வரைந்திருப்பார்கள். நின்று, உட்கார்ந்து, படுத்துச் சுட வேண்டும். மொத்தம் 40 தோட்டா, 250 மதிப்பெண். 210 எடுத்தால் ‘ரைஃபிள்மேன்’ பட்டை தருவார்கள். உட்கார்ந்து சுடும் சுற்றில் பத்துத் தோட்டாவுக்கு 55 வினாடி, நடுவில் மேகசின் மாற்ற வேண்டும். அங்கே போய்ப் பாருங்கள், வரிசையில் பெரும்பாலும் 10/22-தான். பிள்ளைகளும் வருவார்கள். பட்டை கிடைக்காதவர்களின் சிக்கல் பிராண்டு அல்ல, மூச்சும் விரலும்தான்.

கரிசல்காட்டான்:
ஆப்பிள்சீட்டில் ஏஆரும் சுடலாம்.

தோட்டாக்கணக்கு:
சுடலாம். இரண்டு நாளில் 500 தோட்டா போகும் என்று வைத்தால் .22-க்கு 40 டாலர், .223-க்கு 200-க்கு மேல்.

கரிசல்காட்டான்:
சரி, மலிவுத் தோட்டா என்று ஆயிரம் தடவை சொல்கிறீர்கள். அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். செமி ஆட்டோவில் .22 என்றாலே அடிக்கடி சிக்கும். ஏஆரில் நல்ல மேகசின் போட்டால் நூற்றுக்கணக்கில் சுட்டாலும் நிற்காது.

ஹூஸ்டன் மைதிலி:
சிக்குவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் குற்றம் துப்பாக்கியுடையது இல்லை. .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. மலிவு மொத்தப் பெட்டிகளில் அது விளிம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஊசி அடித்த இடத்தில் மருந்து இல்லையென்றால் வெடிக்காது. அப்படியானால் முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிஷம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. இதை மகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று, இந்த .22-களின் போல்ட் வெறும் எடையாலும் சுருளாலும் மூடி நிற்பது. தோட்டாவின் உதைதான் அதைப் பின்னால் தள்ள வேண்டும். மெதுவான தோட்டா போட்டால் பாதி வழியில் நின்றுவிடலாம். முதலில் சிசிஐ மினி மேக் மாதிரி 40 கிரெய்ன் எடைக் குண்டு, வினாடிக்கு 1,235 அடி போகிற வேகத் தோட்டா ஒரு பெட்டி வாங்குங்கள். அதில் தடையின்றி ஓடினால் ரைஃபிள் சரி. பிறகு மலிவானதில் நான்கைந்து வகை வாங்கி, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு ரைஃபிள்கள் இரண்டு வெவ்வேறு தோட்டாவைக் கேட்கும்.

கரிசல்காட்டான்:
அதாவது, துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தேடி அலைய வேண்டும். இதற்குப் பெயர் தரமா?

நெல்லைச்சீமை:
கரிசல் அண்ணே, ஒரு கேள்வி. இவ்வளவு பிராண்டு பேசுகிறீர்களே, ஏஆர் உறைகளைக் காய்ச்சி அடிக்கும் ஆலைகள் கைவிரலுக்குள் அடங்கும். விலை கூடியதும் குறைந்ததும் ஒரே ஆலையிலிருந்து வரும், மேலே பெயர்தான் வேறு. கோல்ட் 2019-இல் பொதுமக்களுக்கான ரைஃபிள் உற்பத்தியை நிறுத்திவைத்தது, 2021-இல் செக் நாட்டு சிஇசெட் குழுமம் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. கோல்டின் குதிரை முத்திரையை நம்பிப் பணம் கொடுத்தவர் எதை நம்பினார்?

கரிசல்காட்டான்:
உறையில் வித்தியாசம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். குழல், போல்ட், பொருத்தும் கை, இந்த மூன்றில் இருக்கிறது. முத்துவின் 900-க்குள் டேனியல் டிஃபென்ஸ் வராது என்பதும் தெரியும். ரூகர் ஏஆர்-556 வரும். தோட்டாக்கணக்கு அண்ணனுக்குப் பிடித்த கம்பெனிதான். தோட்டா உட்காரும் சேம்பர் 5.56 அளவு, .223-உம் போடலாம். 100 கெஜத்தில் சுடும்போது .22 காற்றில் எங்கே போகிறது என்று பாருங்கள், அப்போது தெரியும்.

பிளேனோ முத்து:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் ரேஞ்ச் உள்ளரங்கம், 50 கெஜம் வரைதான். அதனால் 100 கெஜப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். .22 என்று முடிவு செய்துவிட்டேன். மகளை அழைத்துப் போய் 15-22-ஐயும் 10/22-இன் சின்னக் கட்டை மாடலையும் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எது அவளுக்குப் பொருந்துகிறதோ அது. மிச்சப் பணத்தில் பூட்டுப் பெட்டி, நல்ல ஸ்கோப், தோட்டா.

தோட்டாக்கணக்கு:
10/22 எடுத்தால் ட்ரிகரை உடனே மாற்றாதீர்கள். ஆயிரம் தோட்டா சுட்டபிறகும் கனமாகத் தோன்றினால் ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் இருக்கிறது, இரண்டே முக்கால் பவுண்டு. குறுக்கே செருகிய இரண்டு ஊசியைத் தள்ளினால் பழையது முழுசாகக் கழன்று வரும். மேகசின் மட்டும் நான்கு வாங்கிவிடுங்கள்.

கரிசல்காட்டான்:
அடுத்த வருஷம் வெளி ரேஞ்சில் உறுப்பினர் ஆகிவிட்டு இங்கேயே வந்து ஏஆர் எது என்று கேட்பீர்கள். கேரியர் படத்தைப் போடுங்கள், கேஸ் கீயைப் பார்த்துச் சொல்கிறேன்.