பிஞ்சிலேயே பழுக்கும் ஆண் சினூக்: மினிஜாக் விகிதத்தை அளப்பதும் குறைப்பதும்

ஓடுநீர் கேட்டது:

வணக்கம். வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் வளர்க்கப்படும் வசந்தகாலச் சினூக் சால்மன் பற்றிய கேள்வி. ஏப்ரலில் ஆற்றில் விட்ட ஓராண்டுக் குஞ்சுகளில் ஒரு பகுதி, அதே ஆண்டு ஜூன் முதல் செப்டம்பருக்குள் அணைகளின் மீன் ஏணிகளில் மேல்நோக்கி ஏறுவதாகப் பிட் டேக் (மீனின் உடலுக்குள் வைக்கும் நுண் அடையாளச் சில்லு) பதிவுகள் காட்டுகின்றன. கடலுக்கே போகாமல் திரும்பும் இவை மினிஜாக்குகள்தான், அதாவது பிஞ்சிலேயே முதிரும் ஆண்கள்தான், என்று கொள்ளலாமா? விடும் முன்பே கண்ணால் பார்த்துக் கழித்துவிட வழி உண்டா? தீவனத்தில் கொழுப்பைக் குறைத்தால் போதும் என்கிறார் ஒருவர். குளிர்காலத்தில் பட்டினி போடச் சொல்கிறார் இன்னொருவர்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 1,00,000 குஞ்சுகள், விடும் எடை 30 கிராம் (பவுண்டுக்கு 15 மீன்), முட்டைக்கும் முதல் தீவனத்துக்கும் 10 டிகிரி செல்சியஸ் கிணற்று நீர், அக்டோபருக்குப் பிறகு ஆற்று நீர்.

செவுள் பதில்:

முதலில் வயதுக் கணக்கு. கொலம்பியாவில் வயதை முட்டை எடுத்த ஆண்டிலிருந்து எண்ணுவார்கள். 2022 செப்டம்பரில் எடுத்த முட்டையிலிருந்து வந்த ஆண் 2023 இலையுதிர்காலத்தில் முதிர்ந்தால் மைக்ரோஜாக், 2024-இல் முதிர்ந்தால் மினிஜாக், ஓராண்டு கடலில் இருந்துவிட்டு 2025-இல் வந்தால் ஜாக். முழு வளர்ச்சி பெற்றவை பெரும்பாலும் 2026, 2027-இல் வரும். மைக்ரோஜாக்கை அடையாளம் காண்பது சுலபம். இலையுதிர்காலத்தில் டேக் போடும்போதே உடல் கறுத்திருக்கும், வயிற்றை அழுத்தினால் விந்து வரும். தொல்லை மினிஜாக்கில்தான்.

நீங்கள் சொல்லும் பதிவுகள் மினிஜாக்குகளே. ஆனால் அந்த எண்ணிக்கை வெறும் அடிமட்டம். அணைவரை இறங்காமல் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கியவையும், வழியில் செத்தவையும் அதில் வராது. அதை விகிதம் என்று அறிக்கையில் போட்டால் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டுவதாகிவிடும்.

கண்ணால் கழிப்பது நடக்காது. ஏப்ரலில் மினிஜாக்கும் மற்ற குஞ்சுகளைப் போலவே வெள்ளியாக மின்னும், பக்கவாட்டுக் கருந்திட்டுகள் மறைந்திருக்கும். வயிற்றைக் கிழித்துப் பார்த்தாலும் விந்தகம் பல மீன்களில் இன்னும் நூல் மாதிரிதான் இருக்கும். "பெரியது எல்லாம் மினிஜாக்" என்று அளவை வைத்துக் கழித்தால் நல்ல ஸ்மோல்ட்டுகளையும் (கடலுக்குப் போகத் தயாரான குஞ்சுகள்) பெண்களையும் சேர்த்துத் தொலைப்பீர்கள். எடைகள் அவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

நம்பகமான வழி இரத்தத்தில் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்ப்பது. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் நடு வரை, வெளியேறும் வாயைத் திறப்பதற்கு முன் மாதிரி எடுங்கள். திறந்த பிறகு எடுத்தால் முந்திக் கிளம்பியவை போய், தங்கியவை மட்டும் வலையில் விழும். 300 மீன் எடுத்தால் ஏறத்தாழ 150 ஆண் கிடைக்கும். உண்மை விகிதம் 30 சதவீதமாக இருந்தால் அதில் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 7 சதவீதப் புள்ளி. எல்லாத் தொட்டிகளிலிருந்தும் பங்கு வரவேண்டும். தொட்டியில் மீனை ஒடுக்கிவிட்டு, மேலிருந்து அடிவரை வலையை விட்டு அள்ள வேண்டும்.

முதல் நாள் தீவனம் நிறுத்தி, சமையல் சோடா சேர்த்துச் சமன் செய்த எம்எஸ்-222 கரைசலில் மிகை அளவு மயக்கம் கொடுத்து, நீளமும் எடையும் குறித்து, வாலை வெட்டி, ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது) பூசிய நுண்குழாயில் இரத்தத்தைப் பிடியுங்கள். உடனே பனிக்கட்டியில் வைத்து, அன்றே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். 25 கிராம் மீனில் கிடைப்பது சொற்பம். ஹார்மோனை அளக்கும் எலைசா சோதனையை மறுமுறை ஓட்டவும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பாலினத்தை அப்போதே வயிற்றைத் திறந்து எழுதிவிடுங்கள்.

யாகிமா ஆற்றுக் கிளீ எலம் பொரிப்பகத்தில் மில்லிலிட்டருக்கு 0.8 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முதிர்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் போடாதீர்கள். உங்கள் ஆண்களின் அளவுகளை மடக்கை அளவையில் வரைந்தால் இரண்டு மேடு தெரியும், நடுவிலுள்ள பள்ளம்தான் உங்கள் எல்லை. பிப்ரவரியில் எடுத்தால் இரண்டு மேடும் ஒட்டிக்கொண்டிருக்கும், பள்ளமே கிடைக்காது.

ஆய்வக வசதி இல்லையா? 250, 300 மீனைத் தனித் தொட்டியில் ஜூலை வரை வழக்கமான தீவனத்தில் வைத்திருந்து திறந்து பாருங்கள். முதிரும் ஆணின் விந்தகம் வெண்மையாகப் பருத்திருக்கும், முதிராததில் நூல்தான். மெதுவான வழி, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

தீவனக்கணக்கு பதில்:

அளப்பது பற்றிச் செவுள் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. குறைப்பது பற்றிச் சொல்கிறேன்.

குளிர்காலப் பட்டினி காலம் தப்பிய வைத்தியம். வரும் செப்டம்பரில் விந்து விடப்போகும் ஆண், அதற்கு 10 முதல் 12 மாதம் முன்னாலேயே அந்த வழியில் இறங்கிவிடுகிறது. அதாவது முதல் கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் அதன் உடல் பருமன், வளர்ச்சி வேகம், சேர்த்த கொழுப்பு இவை ஒரு வரம்பைத் தாண்டினால் விந்தகம் வேலையைத் தொடங்குகிறது. ஜனவரியில் தீவனத்தை நிறுத்தினால் கொஞ்சம் பின்வாங்கலாம், பெரும்பாலும் வாங்காது. பட்டினி கிடந்த நல்ல குஞ்சுகள்தான் இளைக்கும்.

கொழுப்பு மட்டும் குறைந்த தீவனத்தை வயிறு நிறையப் போட்டாலும் பலன் அரைகுறைதான். கொழுப்புக் கூடினால் முதிர்ச்சி கூடுகிறது என்பது சினூக் சோதனைகளில் தெளிவாக வந்த முடிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் கொழுப்பும் வளர்ச்சியும் சேர்ந்தே ஏறுகிற சாமான்கள். இரண்டையும் ஒன்றாக இறக்குவது தீவன அளவுதான்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். கோளாறு 30 கிராம் என்ற இலக்கிலேயே தொடங்குகிறது. கடைசி 45 நாளில், மார்ச் 1 முதல் ஏப்ரல் 15 வரை, 8 டிகிரி தண்ணீரில் நாளுக்கு 1 சதவீத வளர்ச்சி எதிர்பார்க்கலாம். 16 கிராமில் தொடங்கினால் 25 கிராமில் முடியும் (பவுண்டுக்கு 18). அதே 16 கிராமிலிருந்து 30-ஐத் தொட நாளுக்கு 1.4 சதவீதம் வேண்டும். குளிர்ந்த ஆற்று நீரில் அது வராது. வராது என்று தெரிந்துதான் எல்லோரும் இலையுதிர்காலத்திலேயே மீனைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறார்கள். மினிஜாக் உற்பத்தியாவது அங்கேதான்.

ஆகவே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏப்ரல் நடுவில் 25 கிராம், மார்ச் தொடக்கத்தில் 16, அக்டோபர் கடைசியில் 13. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாளுக்கு 0.2 சதவீதத்துக்கும் குறைவான வளர்ச்சி, அதாவது உடம்பைத் தாங்கும் தீவனத்துக்குச் சற்று மேல். மார்ச்சில் வயிறு நிறையப் போடுங்கள். 1,00,000 மீன் 16 கிராமில் 1,600 கிலோ. ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ வளர்ச்சி என்றால் நாளுக்கு 16 கிலோவில் தொடங்கி 25 கிலோவில் முடியும். இந்த வசந்த வேகத்தில் கஞ்சத்தனம் கூடாது, ஸ்மோல்ட் தரம் அதில்தான் இருக்கிறது. ஆற்று மீனும் குளிரில் நின்று வசந்தத்தில் பாய்ந்து வளர்வதுதான். ஆனால் மார்ச்சில் உங்கள் நீர் 4 டிகிரி என்றால் இந்தத் திட்டமே விழுந்துவிடும், அப்போது இலக்கை 20 கிராமுக்கு இறக்கவேண்டியிருக்கும். நீரின் வெப்ப வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதவேண்டிய திட்டம் இது.

அடுத்தது 10 டிகிரி கிணற்று நீர். சினூக் கருவுற்றதிலிருந்து முதல் தீவனம் எடுக்க ஏறத்தாழ 1,000 டிகிரி நாள் (நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கிய கணக்கு). செப்டம்பர் 20 முட்டை 10 டிகிரியில் டிசம்பர் கடைசியிலேயே தொட்டிக்கு வந்துவிடும். ஆற்றில் அதே முட்டைக் குஞ்சு சரளையைவிட்டு வெளிவருவது வசந்தத்தில். சராசரி 6 டிகிரிக்குக் குளிர்த்தினால் மார்ச் தொடக்கம் ஆகும். உண்மையில் குளிரில் தேவைப்படும் டிகிரி நாள் கொஞ்சம் குறையும், ஆகவே அதற்குச் சற்று முன்பே எதிர்பாருங்கள். 0.4 கிராம் குஞ்சு அக்டோபர் கடைசியில் 13 கிராம் ஆக, ஜனவரி 1-இல் தொடங்கினால் நாளுக்கு 1.15 சதவீதம், மார்ச் 15-இல் தொடங்கினால் 1.5 சதவீதம். தாமதமாகத் தொட்டிக்கு வந்த குஞ்சுக்குக் கோடையில் தீவனத்தைப் பிடுங்கவேண்டிய அவசியமே குறைகிறது. குளிரூட்டியின் மின்கட்டணம் வலிக்கும். இருந்தாலும் செலவு செய்ய ஓர் இடம்தான் உண்டு என்றால் இங்கே செய்வேன். கருவுற்ற முதல் வாரங்களில் மட்டும் 5 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், முட்டைச் சாவு ஏறும். முட்டைக்குள் குஞ்சின் கண்புள்ளி தெரிந்த பிறகு தைரியமாகக் குளிர்த்தலாம்.

ஓடுநீர்:

மிக்க நன்றி. கோடையில் தீவன அளவைக் குறைத்த இடங்களில் சராசரி எடை இறங்கியும் மினிஜாக் அவ்வளவாக இறங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அது ஏன்?

தீவனக்கணக்கு:

சராசரியை மட்டும் பார்த்ததால்தான். கொஞ்சம் தீவனத்தைத் தினமும் ஒரே மூலையில் தூவினால், தலைமை மீன்கள் வழக்கம்போல் தின்றுவிடும். பட்டினி கிடப்பது சின்னவை. சராசரி இறங்கும், ஆனால் வரம்பைத் தாண்டப்போகும் பெரிய ஆண்கள் தாண்டியே தீரும். எடைச் சிதறல் கூடியிருக்கிறதா பாருங்கள். மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தது) மாதாமாதம் ஏறினால் இதுதான் காரணம்.

மருந்து: நாள்தோறும் அரை வயிறு வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு வயிறு. போடும் நாளில் தொட்டியின் முழு நீளத்துக்கும் வேகமாக வீசுங்கள், எல்லா மீனுக்கும் எட்டவேண்டும். துகளின் அளவும் சின்ன மீனின் வாய்க்குப் பொருந்தவேண்டும். மாதம் ஒருமுறை மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் போதாது, ஒரு தொட்டிக்கு 100 மீனையாவது தனித்தனியாக எடை போடுங்கள்.

விதைமீன் பதில்:

எல்லோரும் தீவனத்தையே பேசுகிறீர்கள், தாய்மீனையும் (முட்டைக்கும் விந்துக்கும் எடுக்கும் ஆண், பெண் மீன்கள்) பாருங்கள். ஒரே வளர்ப்பு முறையிலும் குலத்துக்குக் குலம் வரம்பு மாறும். கிளீ எலம் திட்டத்தில் ஆண்களில் 37 முதல் 49 சதவீதம் மினிஜாக் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே தாய்மீன் காட்டு மீன். பின்னால் கொலம்பியா முழுக்கப் பல பொரிப்பகங்களை ஒப்பிட்டபோது விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழிருந்து 70-க்கு மேல் வரை போனது. காட்டு மீனைத் தாய்மீனாகச் சேர்க்கும் திட்டங்களில் கூடுதலாகவும், பொரிப்பக மீனையே தலைமுறை தலைமுறையாகச் சுழற்றும் திட்டங்களில் குறைவாகவும் இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மினிஜாக்கை யாரும் தாய்மீன் குளத்தில் சேர்ப்பதில்லை. அதனால் சீக்கிரம் முதிரும் பரம்பரை ஒவ்வொரு தலைமுறையிலும் கழிந்துபோகிறது, மிஞ்சியவற்றின் வரம்பு உயர்கிறது. கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்று இனத்தை மீட்பதற்கு நடத்தும் திட்டத்தில் இது மறைமுகத் தேர்வு, பொரிப்பகத்துக்கேற்ற மீனை உருவாக்குகிறோம் என்று பொருள். எனவே "எங்கள் விகிதம் தானாகவே இறங்கிவிட்டது" என்று கொண்டாடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டு இனத்துக்கு வளர்ச்சி வேகத்தை மாற்றுங்கள், இனத்தை மாற்றாதீர்கள்.

தீவனக்கணக்கு:

இதில் நமக்குள் சண்டை இல்லை. பெண் மீன் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: திரும்பி வரும் கூட்டத்தில் பெண் அதிகமாகத் தெரிந்தால், ஆண்கள் கடலில் செத்தன என்று எழுதும் முன் மினிஜாக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

செவுள்:

30 கிராமை 25 ஆக்கினால் கடலில் பிழைப்பது குறையும் என்று நிர்வாகம் கேட்கும், நியாயமான கேள்விதான். இப்படிக் கணக்குக் காட்டுங்கள். 1,00,000 விட்டதில் பாதி ஆண், அதில் 40 சதவீதம் மினிஜாக் என்றால் 20,000 மீன் கடலுக்கே போகவில்லை. 400 வளர்ந்த மீன் திரும்பினால் ஏட்டில் 0.40 சதவீதம், உண்மையான ஸ்மோல்ட்டுக்கு 0.50 சதவீதம். மினிஜாக் 15 சதவீதத்துக்கு இறங்கினால் இழப்பு 7,500, ஸ்மோல்ட் 92,500. அதே 400 திரும்ப 0.43 சதவீதம் போதும். அதாவது சின்னக் குஞ்சு கடலில் 13 சதவீதம் மோசமாகப் பிழைத்தாலும் கை நஷ்டம் இல்லை. அதற்கு மேல் மோசமானால் இலக்கை மறுபடி உயர்த்தவேண்டும். 30 கிராம், 25 கிராம் இரண்டு இலக்கையும் ஒரே ஆண்டில், ஒரே தாய்மீன் கூட்டத்தின் குஞ்சுகளைத் தொட்டிகளுக்குக் குலுக்கிப் பிரித்து, இரு பக்கமும் பிட் டேக் போட்டு ஒப்பிடுங்கள். வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட்டால் கடல்நிலை மாற்றம் எல்லாவற்றையும் மூடிவிடும்.