டெபியன் பொதி விவரிப்பு: ‘டிரேசர்’ என்பதற்குத் ‘தடங்காட்டி’

அனைவருக்கும் வணக்கம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் எஸ்ட்ரேஸ் பொதிக்கான (பொதி என்பது நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு) விவரிப்பைத் தமிழாக்கும்போது முதல் வரியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ‘சிஸ்டம் கால் டிரேசர்’ என்பதில் ‘முறைமை அழைப்பு’ (ஒரு நிரல் இயங்குதளத்தின் மையமான கருநிரலிடம், அதாவது கெர்னலிடம், விடுக்கும் கோரிக்கை) வரை சிக்கலில்லை. ‘டிரேசர்’ தான் முடிவாகவில்லை.

முன்மொழியப்பட்ட ‘கண்காணிப்பி’யை நான் ஏற்கவில்லை. இந்த நொடியில் எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் டாப் போன்ற கருவிகளுக்கு அச்சொல்லை விட்டுவைப்பதே நல்லது. எஸ்ட்ரேஸ் காட்டுவது நிகழ்வுகளின் வரிசையை. கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையை அதன்கீழ் இயக்கிப் பாருங்கள்: எந்தக் கோப்பைத் திறக்கும்படி கருநிரலிடம் கேட்டது, விடையாக அக்கோப்பைக் குறிக்கும் 3 என்ற எண் வந்தது (0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைவெளியீடு ஆகியவற்றுக்குப் போய்விட்டன), பிறகு எத்தனை பைட்டுகளைப் படித்தது என ஒவ்வோர் அழைப்பும் ஒரு வரியாக விழும். தடம் என்பது இதுதான்.

‘பின்தொடரி’யும் பொருந்தாது. பின்தொடர்பவர் குறுக்கிடுவதில்லை, எஸ்ட்ரேஸோ பிடிரேஸ் என்னும் கருநிரல் வசதி வழியாக, இயல்பிருப்பில் ஒவ்வோர் அழைப்பின் நுழைவிலும் முடிவிலும் நிரலை நிறுத்திவைத்தே பார்க்கிறது. நிரல் மந்தமாவதும் அதனால்தான்.

‘தடமறிவி’ நன்றாகவே ஒலிக்கிறது, ஆனால் ‘அறிவி’ என்பது ஏவல்வினையாகவும் நிற்பதால் கட்டளைபோலத் தொனிக்கும். திசைகாட்டி, நாட்காட்டி வரிசையில் ‘தடங்காட்டி’ தடையின்றி அமர்கிறது. செயலுக்குத் ‘தடங்காணல்’, வெளியீட்டுக்குத் ‘தடப்பதிவு’, கருநிரலில் முன்கூட்டியே பதித்த இடங்களுக்குத் ‘தடப்புள்ளி’ என்று ஒரே வேரிலிருந்து மற்றவையும் கிளைக்கின்றன. சுருக்க வரி 80 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது டெபியன் நெறி. ‘முறைமை அழைப்புத் தடங்காட்டி’ யூனிகோடு கணக்கில் 27 குறிகள்தாம்.

கருநிரலின் செயல்பாட்டை ஆராய உதவும் சிஸ்டம்டேப் பொதியில் ‘புரோப்’ என்ற சொல்லும் வருகிறது. நாம் எழுதும் குறுநிரலை சிஸ்டம்டேப் சி மொழிக்கு மாற்றி, கருநிரல் கூறாக்கி (கெர்னல் மாட்யூல்) ஏற்றுகிறது; புரோப் என்பது அக்குறுநிரல் செருகிக்கொள்ளும் இடம். இதற்கு ‘ஒற்று’ (உளவு) அழகான பழஞ்சொல்தான், ஆயினும் ‘ஒற்றுப்புள்ளி’ என்றால் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியைத்தான் எவரும் நினைப்பார்கள். ‘ஆய்வுமுனை’ போதும் என்பது என் கருத்து.

பொதிகளின் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. நிறுவும்போது தட்டச்சிட வேண்டியவை அவை. மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்; இல்லையேல் எஸ்ட்ரேஸ் விவரிப்பை இவ்வடிவிலேயே மீளாய்வுக்கு அனுப்புகிறேன்.