மடக்குப் பெற்றோல் பை வீட்டில் சும்மா கிடக்கிறதா?

வெள்ளவத்தைவாசி:
2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதே, அப்போது ஜெனரேற்றருக்குப் பெற்றோல் நிரப்பி வைக்க அத்தான் வாங்கிய மடக்குப் பை. கரண்ட் சீரானதும் அதை நாலாக மடித்து, சாமி அறைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோர் ரூமில் அலுமாரிக்கு அடியில் செருகிவிட்டார். மடித்தால் தலையணை உறை அளவுதான். பெற்றோல் கேன் என்றால் யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா? இதை வைக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போன அக்கா, "என்ன இது, பெற்றோல் மணக்குது?" என்று தீப்பெட்டியும் கையுமாக நின்றுவிட்டார். நல்ல மூக்கு. பையை வெளியே எடுத்துப் பார்த்தால் மடிப்பு விழுந்த மூலையில் வெள்ளைக் கோடு, அதில் மயிரிழை வெடிப்பு. உள்ளே மிஞ்சிப்போனால் ஒரு தேக்கரண்டி பெற்றோல்தான் இருந்திருக்கும்.

அந்தத் தேக்கரண்டிதான் ஆபத்து. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும். நிறைந்த பைக்குள் ஆவி அதற்கு மேலேயே இருக்கும். ஒழுங்காகக் காயாத வெறும் பையில்தான் கணக்குச் சரியாக வந்து நிற்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமும்கூட. தரையோடு ஊர்ந்து குத்துவிளக்கு வரை போக எவ்வளவு நேரம்?

இப்போது புதுப் பை. அத்தான் மிச்சத்தை ஜெனரேற்றர் டாங்கிலேயே வடித்துவிட்டு, மூடியைக் கழற்றி, மொட்டைமாடியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். மணம் போனபிறகு தளர்வாகச் சுருட்டி, வெளிக் கொட்டிலில் வைக்கிறார். மடிப்பதே இல்லை. வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் உலரும்தான், ஆனால் பை விறைத்துப் போகும்.

மோதரை போட்காரன்:
எங்களுக்கு எலிதான் தொல்லை. மூலையைக் கடித்தது நிரப்பும்போதுதான் தெரிந்தது. அதனால் வெளியே எடுத்ததும் கால் பம்பால் கொஞ்சம் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்ப்போம். குமிழி வந்தால் பை குப்பைக்கு. தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். மூடி வாஷரையும் பாருங்கள், அநேகமாக அதுதான் முதலில் போகும்.

வெள்ளவத்தைவாசி:
வாஷரை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. ஒன்று கேட்கவேண்டும் அண்ணே, பெற்றோல் பையை நன்றாகக் காயவைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றலாமா? அம்மா அடுப்புக்குக் கேட்கிறார்.

மோதரை போட்காரன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. மண்ணெண்ணெய்யில் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் அடுப்பு வெடிக்கலாம். நாங்கள் மண்ணெண்ணெய்ப் பைக்கு நீலக் கயிறு, பெற்றோல் பைக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறோம். அம்மாவுக்குத் தனியாக ஒரு கேன் வாங்கிக் கொடுங்கள்.