நாலு வாரம் பொறுத்தால் வீட்டுக்கே வரும் படத்துக்குத் தியேட்டர் எதற்கு?

கோட்டாறு வாத்தியார்
போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு தியேட்டருக்குக் குடும்பத்தோடு போனேன். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம். நாலு டிக்கெட், ஆன்லைனில் எடுத்ததற்குத் தனிக் கட்டணம், வண்டி நிறுத்த, இடைவேளையில் இரண்டு பாப்கார்ன் என்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காசு போகட்டும். முன்வரிசையில் ஒருவர் படம் முழுக்க வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு என்ன மனத்தாங்கல் என்பதுவரை நானும் படித்துவிட்டேன். இடைவேளைக்கு அப்புறம் ஏசியும் ஓடவில்லை.

டூரிஸ்ட் ஃபேமிலி 2025 மே 1-ல் வந்தது, ஜூன் 2-ல் ஹாட்ஸ்டாரில் இருந்தது. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27-ல் வந்தது, அக்டோபர் 25-ல் நெட்ஃப்ளிக்ஸில் போட்டுவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக நாலு வாரம். மீன் குழம்பையே ஒரு நாள் வைத்திருந்து சாப்பிட்டால்தான் ருசி என்கிற ஊர் நம்முடையது. படத்துக்கு மட்டும் என்ன அவசரம்? இனி நான் தியேட்டர் பக்கம் இல்லை.

குலசேகரம் ரப்பர்காட்டான்
சார், அந்த வாட்ஸ்அப் ஆசாமியை ஒரு சத்தம் போட்டிருந்தால் போனை உள்ளே வைத்திருப்பார். அதற்காகத் தியேட்டரையே ஒதுக்குவீர்களா?

எனக்கு வேலை ரப்பர் பால் வெட்டு. விடியற்காலை மூணு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ராத்திரி எட்டரைக்குப் படுக்கை. செகண்ட் ஷோ பார்த்துப் பத்து வருடம் இருக்கும். ஆனால் மழை பெய்தால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு வழிந்து போய்விடும். அன்றைக்குக் கூலியும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஓட்டில் விழும் மழையை எண்ணுவதா? மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். மேட்னி. குடையை இருக்கைக்கு அடியில் வைத்தால் முன்னால் இருப்பவன் செருப்பு வரைக்கும் தண்ணீர் ஓடும். லோகா படம் அப்படிப் பார்த்ததுதான், மலையாளத்திலேயே. கொள்ளாம்.

அப்புறம், அந்த நாலு வாரக் கணக்கு லோகாவிடம் நடக்கவில்லையே! 2025 ஆகஸ்ட் 28-ல் வந்த படம் ஹாட்ஸ்டாருக்கு வந்தது அக்டோபர் 31-ல். 64 நாள். உங்கள் மீன் குழம்பு கெட்டுப் போயிருக்கும் சார்.

கோட்டாறு வாத்தியார்
64 நாள் பொறுத்தேன். வந்த அன்றைக்கே பார்த்தேன், தமிழ் டப்பிங்கில். ஒன்றும் கெடவில்லை.

பத்மநாபபுரத்துக்காரி
சார், தப்பாக நினைக்காதீர்கள். நீலி கதையை டப்பிங்கில், அதுவும் வீட்டு டிவியில் பார்த்தீர்களா? அந்த லோகா படத்தில் வருகிறவள் கள்ளியங்காட்டு நீலி என்கிற யட்சி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? பார்வதிபுரம் பக்கத்தில், உங்கள் வீட்டில் இருந்து டவுன் பஸ் தூரத்தில். எங்கள் ஆச்சி வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் இருட்டில் கொல்லைப்பக்கம் போக மாட்டாள். அந்தப் பெயர் படத்தில் வந்ததும் எங்கள் வரிசையில் நாலைந்து பேர் ஒன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. மலையாளிகள் எடுத்த படத்தில் நம்ம ஊர்க்காரி. அந்த ஒரு நிமிடம் உங்கள் சோபாவில் கிடைக்குமா?

வீட்டில் பார்ப்பது ஆண்களுக்குச் சரி. மெய்யழகனை நான் வீட்டில் மூன்று நாளாகப் பார்த்தேன். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், எனக்கு நடுவில் குக்கர் மூணு விசில், பால்காரர், மாமியாருக்கு மாத்திரை. தியேட்டரில்தான் மூன்று மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். டிக்கெட் காசு அதற்குத்தான்.

கோட்டாறு வாத்தியார்
கள்ளியங்காட்டு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் அம்மா. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பக்கத்தில் பங்குபோட ஆள் இல்லை. என் வீட்டம்மா அதற்குள் தூங்கியிருந்தாள்.

ஆனால் நீங்களே மெய்யழகனை எடுத்துவிட்டீர்கள். வெளியான சில நாளிலேயே அதில் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஏன்? நீளம் என்று தியேட்டரில் முனகினார்கள். பேசிப் பேசியே நகரும் படம் அது. அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும், பொறுமையான ஆள் வீட்டில்தான் இருக்கிறான். இடைவேளை எப்போது வரும், பஸ் போய்விடுமா என்று கடிகாரம் பார்க்கிற கூட்டத்துக்குப் பயந்து ஒரு இயக்குநர் தன் படத்தைத் தானே வெட்ட வேண்டியிருக்கிறது. இதையா நீங்கள் கொண்டாடுகிறீர்கள்?

குலசேகரம் ரப்பர்காட்டான்
பஸ்ஸைச் சொன்னீர்களே, அது நியாயம். குலசேகரத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோக்காரர் கேட்கும் காசுக்கு இன்னும் இரண்டு படம் பார்க்கலாம்.

படந்தாலுமூடு பையன்
எல்லாரும் மேட்னி, மாலைக் காட்சி என்று பேசுகிறீர்கள். முதல் நாள் முதல் காட்சி பார்க்காதவர்களிடம் என்ன பேசுவது? 2023 அக்டோபர் 19, லியோ. இங்கே காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி, கேரளத்தில் 4 மணிக்கு. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. மூணு பைக்கில் ஆறு பேர் போனோம். நாகர்கோவில்காரன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் பார்த்து முடித்துச் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். எல்லைப் பக்கம் பிறந்ததற்கு இந்த ஒரு லாபமாவது வேண்டாமா?

கோட்டாறு வாத்தியார்
தம்பி, இங்கே ஏன் 9 மணி என்று யோசித்தாயா? 2023 ஜனவரியில் சென்னையில் நள்ளிரவுக் காட்சிக்குப் போன 19 வயதுப் பையன் ஓடும் லாரியில் ஏறி ஆடிக் கீழே விழுந்து செத்தான். அதற்கு அப்புறம்தான் அரசு கறாராக நின்றது. என் வகுப்பில் அந்த வயதை நெருங்கும் பையன்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டரைக்கு ஹெல்மெட் இல்லாமல் நெடுஞ்சாலையில் போனதை லாபக் கணக்கில் எழுதாதே.

படந்தாலுமூடு பையன்
ஹெல்மெட் போட்டிருந்தோம் சார். ஓட்டினவர்கள் மட்டும்.

தூத்தூர் ஆழ்கடல்
கரையில் இருந்துகொண்டு எல்லாரும் சண்டை போடுகிறீர்கள். நாங்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல். டவர் கிடையாது. கிளம்பும் முன் போனில் இருபது படம் இறக்கிக்கொண்டு போவோம். போன தடவை பதினைந்தாவது நாள் திறந்தால் பாதிப் படம் காலாவதி என்று காட்டுகிறது. காசு கட்டி வாங்கிய சந்தா! மிச்சப் படத்தை ஏழு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். என்ஜின் சத்தத்தில் வசனம் கேட்காது. மஞ்ஞுமல் பாய்ஸில் குழிக்குள் விழுந்தவன் பதில் கொடுத்தானா இல்லையா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது.

வாத்தியார் அண்ணே, நீங்கள் சொல்லும் வீட்டுப் படம் எங்களுக்கு வருடம் பூராவும் கிடைக்கிறது, அலுத்துவிட்டது. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது பெண்டாட்டி பிள்ளையோடு தியேட்டரில் பெரிய திரையில் பார்க்கும்போது வாட்ஸ்அப் வெளிச்சமெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. ஆனால் பாப்கார்ன் விலையில் நான் உங்கள் கட்சி. அது பகல்கொள்ளை.

பத்மநாபபுரத்துக்காரி
பதில் கொடுத்தான் அண்ணே. முழுசாகத் திரும்பப் பாருங்கள், சத்தத்தோடு.

கோட்டாறு வாத்தியார்
ஏழு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தீர்கள் அல்லவா, அதுவே ஒரு தியேட்டர்தான் ஓய். அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. காசு விஷயத்திலும் ஏசி விஷயத்திலும் நான் மாறவில்லை. நாலு பேருக்கு ஆயிரம் என்பது மாதத்துக்கு ஒரு தடவைகூட முடியாது.

குலசேகரம் ரப்பர்காட்டான்
அப்படியென்றால் ஒற்றை ஆளாக வாரும். நாளைக்குக் கனமழை என்று செய்தியில் சொல்கிறார்கள், எனக்கு வெட்டு இல்லை. கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டால் உமக்கும் வேலை இல்லை. மார்த்தாண்டத்தில் மேட்னி, பஸ்ஸில்.

கோட்டாறு வாத்தியார்
லீவு அறிவிப்பு காலையில் ஆறு மணிக்கு மேல்தான் வரும். வந்தால் சொல்கிறேன். பாப்கார்ன் கிடையாது, வெளியிலேயே ரசவடை தின்றுவிட்டு உள்ளே போவோம்.