பேனலில் பிள்ளையைவிட 'யார் பட்ஜெட்' என்பதுதான் பேச்சு. ஜாயிண்ட் கமிஷனிங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு_லேப்டாப்:

வணக்கம். இங்கிலாந்தில் கவுன்சிலிலும் (உள்ளாட்சி) என்எச்எஸ்ஸிலும் (அரசு மருத்துவ சேவை) வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் இங்கே உண்டு என்பதால் கேட்கிறேன். ஒன்பது வருஷம் ஒரு கவுன்சிலில் முதியோர் பராமரிப்புக்கான கமிஷனிங்கில் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் புதுப் பொறுப்பு. சிக்கலான மருத்துவத் தேவைகள் உள்ள குழந்தைகளுக்கு கவுன்சிலும் ஐசிபியும் சேர்ந்து சேவை வாங்கும் வேலையின் ஜாயிண்ட் கமிஷனிங் லீட். ஐசிபி தெரியாதவர்களுக்கு: 2022 ஜூலையில், உள்ளூர் மருத்துவ சேவைகளை வாங்கிவந்த சிசிஜி என்ற அமைப்புகளுக்குப் பதிலாக வந்த 42 என்எச்எஸ் வாரியங்கள். பாதிச் சம்பளம் அங்கே, பாதி இங்கே. இரண்டு லேப்டாப், இரண்டு மின்னஞ்சல், இரண்டு மேலாளர்கள். ஒருவர் வைக்கிற மீட்டிங் இன்னொருவருக்குத் தெரியாது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வியாழக்கிழமை பேனல், அதாவது எந்தப் பிள்ளைக்கு என்ன சேவை, யார் பணம் என்று முடிவு செய்யும் கூட்டம். சமூக சேவை, கல்வி, ஐசிபி மூன்று தரப்பும் டீம்ஸில் வந்து உட்காரும். போன முறை இரண்டு மணி நேரத்தில் பதினொரு பிள்ளைகள், அதில் ஒரு பிள்ளைக்கு மட்டும் 35 நிமிடம் போனது. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். நாலு வயது, மூச்சு விடத் தொண்டையில் டிரக்கியாஸ்டமி குழாய், இரவில் வென்டிலேட்டர். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொல்லிப் பத்து வாரம் ஆகிறது, பிள்ளை இன்னும் வார்டில். இரவு முழுக்க விழித்திருந்து பார்க்க ஆள் வேண்டும். ஐந்து இரவு நாங்கள் தருகிறோம், மீதி இரண்டு பெற்றோருக்கு ஓய்வு தரும் ஷார்ட் பிரேக், அது உங்கள் கணக்கு என்கிறது ஐசிபி. சக்ஷன் போடுவது (குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது) நர்ஸிங் வேலை, ஏழும் உங்களுடையதுதான் என்கிறது கவுன்சில். கல்விப் பிரிவு கேமராவை அணைத்துவிட்டது. முடிவு? அடுத்த பேனலுக்குத் தள்ளிவைப்பு.

மேலே இருப்பவர் ஒருவர், எல்லாக் கேஸையும் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துவிடு, சண்டை ஓயும் என்கிறார். இன்னொருவர் செக்‌ஷன் 75 போட்டு எல்லாப் பணத்தையும் ஒரே பானையில் ஊற்று என்கிறார். இரண்டில் எது சரி? இல்லை, நான் தொடங்க வேண்டிய இடமே வேறா?

சக்ஷன்_அக்கா:

தம்பி, நான் குழந்தைகள் கண்டினியூயிங் கேர் (என்எச்எஸ் தரும் தொடர் பராமரிப்பு) அசெஸர். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போன கம்யூனிட்டி நர்ஸ். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் முதியோர் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அங்கே ஒருவருக்கு சிஎச்சி (பெரியவர்களுக்கான கண்டினியூயிங் ஹெல்த்கேர்) கிடைத்துவிட்டால் பராமரிப்புச் செலவு மொத்தமும் என்எச்எஸ் தலையில், கவுன்சில் ஒதுங்கிக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. கண்டினியூயிங் கேர் கிடைத்தாலும் 1989 சில்ட்ரன் ஆக்ட்டின் கீழ் கவுன்சிலுக்கு உள்ள கடமையும் பள்ளிப் படிப்புக்கான கடமையும் அப்படியே நிற்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பழைய ஆட்களே இதில் வழுக்கி விழுகிறார்கள்.

2016-இல் வந்த தேசிய வழிகாட்டியை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். மூச்சு, சாப்பாடு, வலிப்பு, தோல், மருந்து, நடத்தை என்று பத்துத் தலைப்பு. மூன்றில் 'ஹை', அல்லது ஒன்றில் 'சிவியர்' அல்லது 'பிரயாரிட்டி' வந்தால் பெரும்பாலும் கண்டினியூயிங் கேர் தேவை உண்டு என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் பிள்ளை மூச்சு என்ற ஒரே தலைப்பிலேயே தாண்டிவிடும். விண்ணப்பம் வந்ததிலிருந்து முடிவு வரை ஆறு வாரம்தான் கணக்கு. பத்து வாரமாக வார்டில் கிடக்கிறது என்றால் அந்த ஆறு வாரம் எப்போது தொடங்கியது, யாராவது குறித்து வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் குறித்தே வைப்பதில்லை.

ஏழு இரவா ஐந்து இரவா என்ற சண்டைக்கு 2005-இல் லண்டன் ஹரிங்கே வழக்கிலேயே கோர்ட் பேசிவிட்டது. அதுவும் டிரக்கியாஸ்டமி பிள்ளைதான். அந்த அளவு நர்ஸிங் பராமரிப்பு கவுன்சிலின் சமூக சேவை வேலைக்குள் வராது, என்எச்எஸ் பார்க்க வேண்டியது என்றார்கள். அம்மா ஓய்வெடுப்பதற்காக ஆள் வந்தாலும் அந்த ஆள் செய்யப்போவது சக்ஷன்தான், குழாய் அடைத்தால் மாற்றுவதுதான். 'ஷார்ட் பிரேக்' என்று பெயர் வைத்துவிட்டால் வேலை மாறிவிடாது. அதற்காக எல்லாமே என்எச்எஸ் என்றும் சொல்லமாட்டேன். இதே பிள்ளை சனிக்கிழமை விளையாட்டுக் குழுவுக்குப் போக வேண்டும், வீட்டில் சாய்தளம் போட வேண்டும், அக்காவையும் தம்பியையும் யாராவது கவனிக்க வேண்டும் என்றால் அது கவுன்சில். மூன்றில் ஒரு பங்கு என்பது சோம்பேறிக் கணக்கு. வென்டிலேட்டர் பிள்ளைக்கும், ஆட்டிசத்தால் தன்னையே அடித்துக்கொள்ளும் பதினாலு வயதுப் பையனுக்கும் ஒரே பங்கு எப்படிச் சரியாகும்?

அப்புறம் ஒன்று. நீங்கள் நாளைக்கே பணத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை மறுநாள் வீட்டுக்குப் போகாது. ஏஜென்சி ஆள் தேட வேண்டும், தேடிய ஒவ்வொருவரையும் அந்த வார்டில், அந்தப் பிள்ளை மேலேயே பழக்க வேண்டும். பொதுவாகப் பயிற்சி எடுத்தவர் என்பது போதாது, இந்தப் பிள்ளைக்கு இவர் தேர்ந்துவிட்டார் என்று ஒரு நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். பையில் அதே அளவுக் குழாய் ஒன்று, ஒரு அளவு சின்னது ஒன்று, கத்தரிக்கோல், டேப், சக்ஷன் மெஷின். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அளவுக்குக் கை பழக வேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஆள் எடுக்கும் வேலையைப் பேனல் முடிவுக்குக் காத்திருக்காமல் தொடங்க ஒரு வழி பண்ணுங்கள்.

பச்சை_லெட்ஜர்:

கவுன்சில் நிதிப் பிரிவிலிருந்து எழுதுகிறேன், திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன சட்டம் சரி. ஆனால் பேனலில் சட்டம் பேசி ஜெயித்த பக்கம் அடுத்த கேஸில் தோற்கும். ஸ்பீச் தெரபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் என்எச்எஸ் ஆளாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற சேவை என்றால் 2014 சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட் அதைக் கல்விச் சேவையாகத்தான் எடுத்துக்கொள்ளும். இஎச்சி பிளானின் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதும் கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டம்) கல்விப் பகுதியில் எழுதியாயிற்று என்றால் கிடைக்கச் செய்ய வேண்டியது கவுன்சில், என்எச்எஸ்ஸில் தெரபிஸ்ட் இல்லை என்ற சாக்கு செல்லாது. அங்கே ஐசிபி சிரிக்கும், இங்கே நாங்கள் சிரிப்போம். நடுவில் பிள்ளை.

அதனால் கேஸ் வருவதற்கு முன்னாலேயே எழுதிவைக்க வேண்டியது ஒரே ஒரு தாள். தகராறு வந்தால் யார் முதலில் பணம் கட்டுவது. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஜாயிண்ட் கமிஷனிங் ஏற்பாட்டில் தகராறைச் சீக்கிரம் தீர்க்கும் நடைமுறை கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. எல்லா ஊரிலும் தேடினால் ஒரு பிடிஎஃப் கிடைக்கும், அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் செய்தது இதுதான். தகராறு என்று வந்த அன்றே பாதிப் பாதி கட்டி சேவையைத் தொடங்குவது, பத்து வேலை நாளில் இரண்டு உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து தீர்ப்பது, தோற்ற பக்கம் முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது. கடைசி வரிதான் முக்கியம். பின்தேதியிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று இல்லாவிட்டால் இழுத்தடிக்கிறவனுக்குத்தான் லாபம். எழுதிக் கையெழுத்தாக ஏழு மாதம் ஆனது, அதற்கப்புறம் தகராறே பாதியாகக் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

செக்‌ஷன் 75 கெட்டது இல்லை, ஆனால் முதல் வருஷமே போகாதீர்கள். 2006 என்எச்எஸ் ஆக்ட்டில் வரும் அந்த ஏற்பாட்டில் பானை ஒன்றாகும், சரி. பானையில் பற்றாக்குறை வந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்று எழுதும்போது அதே சண்டை வேறு அறையில் நடக்கும். வாட் வரி விதிகள் கவுன்சிலுக்கு ஒரு மாதிரி, என்எச்எஸ்ஸுக்கு ஒரு மாதிரி. போதாததற்கு 2025-இல் ஐசிபிகளின் நிர்வாகச் செலவைப் பாதியாக வெட்டச் சொன்ன பிறகு, இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த ஏப்ரலில் அதே நாற்காலியில் இருப்பாரா என்பதே கேள்வி.

அதற்குப் பதில் இரண்டு பக்கமும் வாங்குகிற விலைப்பட்டியலை அருகருகே வைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது ஒரே ஏஜென்சி, ஒரே பெண், செவ்வாய் இரவு எங்களுக்கு ஒரு விலை, புதன் இரவு ஐசிபிக்கு மணிக்கு ஆறு பவுண்டு கூட. இரண்டு பேரும் தனித்தனியாகப் பேரம் பேசினால் ஏஜென்சிக்குக் கொண்டாட்டம்தான். ஒரே ஒப்பந்தம், ஒரே விலை, பில் மட்டும் இரண்டாகப் பிரிந்து வரட்டும். பானையை ஒன்றாக்காமலேயே இதைச் செய்யலாம்.

இரண்டு_லேப்டாப்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆறு வாரக் கணக்கைப் போய்ப் பார்த்தேன். விண்ணப்பம் வந்த தேதியே பதிவாகவில்லை, ஒரு நர்ஸின் இன்பாக்ஸில் கிடந்தது, அவர் மகப்பேறு விடுப்பில். தகராறு நடைமுறையும் இருக்கிறது. 2019 தேதி, சிசிஜி பெயர். கலைக்கப்பட்ட அமைப்பின் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

நித்திரை_இல்லாத_அம்மா:

நான் உங்கள் மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிற ஆள். என்னுடைய மகனுக்கு இப்ப பதினைந்து வயது. பிறந்ததில் இருந்து குழாய், வயிற்றில் போட்ட பெக் குழாய் வழியாகச் சாப்பாடு, வலிப்பு. நீங்கள் மூன்று பேரும் கதைத்ததை இரண்டு தரம் வாசித்தேன். எல்லாம் சரிதான், ஆனால் ஒருவரும் ரோட்டாவைப் பற்றிக் கதைக்கவில்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கு. ஏழு இரவு, ஏழு பெயர். பேனல் எங்களுக்கு ஏழு இரவும் தந்தது, கடிதம் இருக்கு. போன பெப்ரவரியில் எண்ணிப் பார்த்தேன். 28 இரவில் ஒன்பது இரவு ஒருவரும் வரவில்லை. பின்னேரம் ஆறே முக்காலுக்குப் போன் வரும், "சாரி, டுநைட் கவர் இல்லை." அப்ப நான் பகல் முழுக்க நின்ற காலோடு விடிய விடிய சக்ஷன் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருப்பேன். காலையில் மகளைப் பள்ளிக்கூடம் விட வேணும். அந்த ஒன்பது இரவுக் காசு எங்கே போனது என்று கேட்டேன், அது செலவாகவில்லை, மிச்சம் என்று சொன்னார்கள். ஒருவரின் கணக்கில் அது நல்ல செய்தி, பாருங்கோ.

பேர்சனல் ஹெல்த் பட்ஜெட் எடுத்து நானே ஆட்களை வைக்கலாம், கண்டினியூயிங் கேர் பிள்ளைகளுக்கு 2014-இல் இருந்து அது உரிமை. ஒரு வருஷம் செய்தேன். ஆட்கள் நல்லவர்கள், அதில் குறை இல்லை. ஆனால் நான் முதலாளியாகிவிட்டேன், சம்பளக் கணக்கு, லீவு, பென்ஷன் எல்லாம் என் தலையில். ஒரு பிள்ளையின் அம்மாவாக இருக்கவே நேரம் இல்லாதவளுக்கு அது சரிவரவில்லை. சிலருக்கு வடிவாகச் சரிவரும்.

இன்னொன்று, பதினாலு வயதில் பெரியவர்களுக்கான சேவைப் பக்கத்துக்குத் தெரியப்படுத்த வேணும், பதினாறில் முறையாக அனுப்ப வேணும், பதினேழில் முடிவு சொல்ல வேணும் என்று சக்ஷன் அக்கா சொன்ன அதே வழிகாட்டியில்தான் கிடக்கு. என் மகனின் பெயரை இதுவரைக்கும் ஒருவரும் அனுப்பவில்லை. தம்பி, உங்கள் பட்டியலில் பதினாலு தாண்டின பிள்ளைகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

சக்ஷன்_அக்கா:

இதைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது அம்மா. நாங்கள் கொடுத்த மணி நேரத்தை எழுதுகிறோம், வந்த மணி நேரத்தை எழுதுவதில்லை. மகனுக்கான அனுப்புதலை நீங்களே எழுத்தில் கேளுங்கள், காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ஐசிபியிலும் சென்ட் (சிறப்புக் கல்வித் தேவை அல்லது உடற்குறை உள்ள) பிள்ளைகளுக்குப் பொறுப்பான நிர்வாக உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும், கடிதத்தை அவர் பெயருக்கே அனுப்புங்கள்.

இரண்டு_லேப்டாப்:

எண்ணினேன் அம்மா. பதினாலு தாண்டியவர்கள் பதின்மூன்று பேர், அனுப்பியது நாலு பேரை. மீதி ஒன்பது பேரின் பட்டியலை இன்று காலை இரண்டு மேலாளர்களுக்கும் ஒரே மெயிலில் போட்டுவிட்டேன்.

நாலு வயதுப் பிள்ளை விஷயத்தில் லெட்ஜர் அண்ணா சொன்ன மாதிரி, இப்போதைக்குப் பாதிப் பாதி என்று இரண்டு பக்கமும் மெயிலில் ஒத்துக்கொண்டார்கள், தீர்ப்பு பிறகு. ஏஜென்சி மூன்று பேரை வார்டுக்கு அனுப்புகிறது, திங்கள் முதல் பயிற்சி. அடுத்த பேனலிலிருந்து ஒவ்வொரு கேஸிலும் பணத்துக்கு முன்னால் முதல் பக்கத்தில் ரோட்டா வரும்: கொடுத்த இரவு, வந்த இரவு, வராத இரவு. நிதிப் பிரிவு முகம் சுளித்தது. பரவாயில்லை. அதில் வேறு என்ன போட வேண்டும்?

நித்திரை_இல்லாத_அம்மா:

ஆள் வராவிட்டால் யாருக்குப் போன் எடுக்கிறது என்று ஒரு நம்பர். ஆன்சர்போன் வேண்டாம்.